வீடு எரிந்தது, ஆலயம் நின்றது

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் கிரேட் விட்லி என்னும் இடத்தில் கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கும் ஒரு பெரிய மாளிகையையும், அதை ஒட்டியபடியே ஒரு கீறலும் இல்லாமல் நிற்கும் சிறு தேவாலயத்தையும் காட்டும் படம் ஒன்றைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி இருந்தமையால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எஸ்டேட் என்றவுடன் நம்மில் பலருக்குத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் ஒரு பிரபுக் குடும்பத்தின் மாளிகை, பூங்கா, குத்தகை நிலங்கள், குடியானவர் வீடுகள் அனைத்தும் சேர்ந்த பண்ணையைக் குறிக்கிறது.

கேள்வி: ஊர்மக்கள் கூடித் தொழ வேண்டிய ஆலயம், ஊர் நடுவில் இல்லாமல் பிரபுவின் வீட்டு வாசலில் இருப்பது ஏன்?

பதில்: இதற்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள்.

முதல் விடை, ஆலயத்தைக் கட்டியவரே அந்த வீட்டுக்காரர்தான் என்பது. நார்மானியர் படையெடுத்து வந்த 1066-க்கு முன்பே, ஆங்கிலோ-சாக்சன் நிலக்கிழார்கள் தங்கள் வீட்டு வளாகத்துக்குள் சொந்தச் செலவில் ஆலயம் எழுப்பி, அதற்கு ஒரு குருவையும் அமர்த்தினார்கள். அது பக்திக்கு மட்டுமன்றி அந்தஸ்துக்கும் அடையாளமாக இருந்தது. ஐந்து 'ஹைடு' (ஒரு ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம்) அளவு சொந்த நிலமும், ஆலயமும், சமையற்கூடமும், மணிக்கூடும், கோட்டை வாயிலும் ஒருவனுக்கு வாய்த்துவிட்டால் அந்தச் சாதாரணக் குடியானவனும் 'தேன்' என்னும் பிரபு வரிசைக்கு உயரலாம் என்று அக்காலச் சட்டக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆலயத்தையும் சமையற்கூடத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்; ஆனால் அந்தக் காலத்து மனிதர் ஆலயத்தை வீட்டின் ஓர் உறுப்பாகவே கண்டார் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பின்னர் 'பங்கு' எனப்படும், ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களின் எல்லைகள் வகுக்கப்பட்டபோது, பல இடங்களில் அந்த வீட்டு ஆலயமே ஊருக்கெல்லாம் பொதுவான பங்கு ஆலயமாயிற்று.

இரண்டாவது விடை அவ்வளவு இனிமையானதன்று. ஒரு காலத்தில் ஆலயத்தைச் சுற்றி ஊரும் இருந்தது, ஊரைத்தான் அகற்றினார்கள். 18-ஆம் நூற்றாண்டில், மாளிகையின் சன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியும் ஏரியும் மரக்கூட்டமுமே தெரிய வேண்டும், குடிசையும் புகையும் தெரியக்கூடாது என்பது செல்வர்களின் ரசனையாக இருந்தது. டார்பிஷயரிலுள்ள கெட்ல்ஸ்டனில் நத்தானியல் கர்சன் 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புது மாளிகை எழுப்பியபோது, கிராமம் முழுவதையும் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார், சாலையையும் திருப்பிவிட்டார். இடைக்கால ஆலயம் ஒன்றுதான் பழைய ஊரின் சாட்சியாக மாளிகைச் சுவரை உரசியபடி இன்றும் நிற்கிறது. தங்கள் முன்னோரின் கல்லறைகள் அதற்குள் இருந்ததால் கர்சன் குடும்பத்துக்கும் அதை விட மனமில்லை.

கேள்வி: அப்படியானால் ஆலயம் பிரபுவின் சொத்துத்தானே? அவர் நினைத்தால் இடித்துவிட முடியாதா?

பதில்: முடியாது. எஸ்டேட் ஆலயங்களின் கதை முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் சுழல்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக்குள் திருச்சபைச் சட்டம் நிலக்கிழாரின் உடைமை உரிமையைச் சுருக்கி, காலியாகும் குருப் பதவிக்கு ஆள் முன்மொழியும் உரிமையை மட்டும் அவருக்கு விட்டுவைத்தது. 'அட்வௌசன்' என்று பெயர் பெற்ற அந்த உரிமைப்படி பிரபு பெயரைச் சொல்வார், பேராயர் பதவியில் அமர்த்துவார். கட்டடமும் கல்லறைத் தோட்டமும் பொதுவாக அந்தக் குருவின் பதவியோடு சேர்ந்தவை. ஒரு சன்னலை மாற்றவும் பேராயரின் நீதிமன்றத்திடம் அனுமதி பெற வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு பிரபுவுக்குச் செல்வாக்கே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. விளைச்சலில் பத்தில் ஒன்று குருவுக்குப் போன காலத்தில், அந்தப் பதவி நல்ல வருமானமுள்ளது. அதற்கு ஆள் சொல்லும் உரிமை நிலத்தைப் போலவே வாங்கவும் விற்கவும் படுகிற சொத்தாக இருந்தது. மூத்த மகனுக்கு எஸ்டேட், இளைய மகனுக்கு ஆலயம் என்பது பல குடும்பங்களில் வழக்கம். இந்த உரிமையைத் தனியாகப் பொது ஏலத்தில் விடுவதை 1898-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1923-இல் வந்த விதி விற்பனையையே மெல்ல மெல்ல முடிவுக்குக் கொண்டுவந்தது.

உரிமையோடு கடனும் ஒட்டிக்கொண்டிருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடங்களுக்குச் சேர்ந்த தசமபாக வருமானம் (விளைச்சலில் அந்தப் பத்தில் ஒன்று) தனியார் கைக்குப் போயிற்று. கூடவே, ஆலயத்தில் பீடம் அமைந்த கிழக்குப் பகுதியான பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பும் போய் நிலத்தோடு பிணைந்துவிட்டது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ ஆலயத்தின் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை, அருகில் ஒரு பண்ணையை வைத்திருந்தவர்களே ஏற்க வேண்டும் என்று 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, நாடெங்கும் நிலம் வாங்குகிறவர்கள் திடுக்கிட்டுப் பழைய பத்திரங்களைப் புரட்டத் தொடங்கினார்கள்.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு இங்கிலாந்து செல்கிறேன். இத்தகைய ஓர் ஆலயத்துக்குள் நுழைந்தால், அதன் வயதை என்னைப் போன்றவர்கள் எப்படி அறிவது?

பதில்: உள்ளே போக அவசரப்படாதீர்கள், முதலில் ஒருமுறை வெளியே சுற்றி வாருங்கள். பெரும்பாலான ஆலயங்களில் நுழைமண்டபம் தெற்கே இருக்கும். அதன் பக்கக் கல்லில் கண் மட்டத்தில் ஒரு சிறு துளையும், அதிலிருந்து விசிறிபோல் கீழ்நோக்கிக் கீறிய கோடுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். துளையில் குச்சியைச் செருகி, நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்துப் பூசை நேரம் கணித்த இடைக்காலச் சூரியக் கடிகாரம் அது. பலர் அதை ஏதோ பையன்கள் கிறுக்கியது என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அடுத்து, சன்னல்களும் வாயில் வளைவுகளும். வளைவு அரைவட்டமாக, விளிம்பில் பல் பல்லாக வெட்டிய கோணல் வரிச் செதுக்கலோடு இருந்தால் அது நார்மானியர் காலம். 12-ஆம் நூற்றாண்டு என்று கொள்ளலாம். ஈட்டி முனைபோல் ஒடுங்கி உயர்ந்த ஒற்றைச் சன்னல்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சன்னலின் மேற்பகுதியில் கல்லே கொடியும் இலையுமாக நெளிந்தால் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. 1348-49-இல் கொள்ளைநோய் வந்து மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாரிக்கொண்டு போன பிறகு, அந்த நெளிவு குறைந்து, நேர்குத்தான கற்கோடுகள் சன்னலை அடிமுதல் நுனிவரை பிரிக்கும் பாணி பரவியது. ஏறத்தாழ 1540 வரை அதுவே நிலைத்தது. கைதேர்ந்த கல்தச்சர்கள் மாண்டுபோனதே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாணி நோய்க்கு முன்பே லண்டனிலும் கிளாஸ்டரிலும் தலைகாட்டிவிட்டது என்பதால், அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை.

ஒரே ஆலயத்தில் இவை நான்கும் கலந்திருந்தால் வியப்படைய வேண்டாம், அதுதான் வழக்கம். பணம் வந்தபோது ஒரு பக்கக்கூடம், அறுவடை நன்றாக இருந்தபோது ஒரு கோபுரம் என்று கட்டினார்கள். பக்கக்கூடம் சேர்ப்பதென்றால் பழைய சுவரை இடிக்காமல், அதைத் துளைத்து வளைவுகளாக்கி, அப்பால் புதுச் சுவர் எழுப்புவார்கள். அதனால் உள்ளே தூண்களுக்கு மேலே, ஒரு காலத்தில் வெளியுலகைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய சிறு சன்னலொன்று இப்போது எதையும் பார்க்காமல் அப்படியே இருப்பதைக் காணலாம்.

உள்ளே சென்றபின், மக்கள் அமரும் நடுக்கூடத்துக்கும் கிழக்கேயுள்ள பீடப்பகுதிக்கும் நடுவிலுள்ள பெரிய வளைவைப் பாருங்கள். நடுக்கூடத்தைப் பங்குமக்கள் பராமரிக்க வேண்டும், பீடப்பகுதியைத் தசமபாக வருமானத்துக்கு உரியவரான ரெக்டர் பராமரிக்க வேண்டும் என்பது மரபாகையால், வளைவுக்கு இருபுறமும் கல்லின் தரமும் கூரையின் உயரமும் வேறுபடுவதுண்டு. பீடத்துக்குத் தெற்கே சுவரில் ஒரு சிறு மாடமும் அதன் அடியில் துளையிட்ட கிண்ணமும் இருந்தால், 16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்கு முன் குரு பாத்திரங்களைக் கழுவிய நீரைப் புனித மண்ணிலேயே இறங்கவிட்ட இடம் அது.

கேள்வி: ஆலயத்துக்குள் கணப்பு அடுப்போடு கூடிய அறை ஒன்றையும், சுவரில் சாய்சதுரமாகத் தொங்கிய கறுப்புப் பலகைகளையும் பார்த்தேன். அவை என்ன?

பதில்: அறை என்று நீங்கள் சொல்வது பிரபு குடும்பத்தின் இருக்கை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மரச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, நாற்காலியும் கம்பளமும் இட்டு, சில இடங்களில் கணப்பும் மூட்டிக்கொண்டார்கள். யார்க்ஷயரில் கிராஃப்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் மில்பாங்க் குடும்பத்தின் இருக்கை தூண்களின்மேல் தூக்கி நிறுத்தப்பட்டு, ஏறிச்செல்ல வளைந்த படிக்கட்டோடு நாடக அரங்கின் தனிமாடம் போல் இருக்கிறது. குருவின் பிரசங்கம் நீண்டால் பிரபு கணப்புக் கம்பியால் கரியைக் கிளறிச் சத்தமெழுப்பி முடிக்கச் சொல்வார் என்று பல ஊர்களிலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். இத்தனை ஊர்களிலும் நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் யார் யாருக்குப் படியளந்தார்கள் என்பதை அந்தக் கதை சரியாகவே சொல்லிவிடுகிறது. விக்டோரியா காலத்துத் திருப்பணியாளர்கள் இத்தகைய அடைப்புகளைப் பெருமளவு பிடுங்கி எறிந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நீளப்பலகை போட்டார்கள். எஸ்டேட் ஆலயங்களில் இவை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், எறியச் சொல்ல வேண்டியவரே உள்ளே அமர்ந்திருந்ததுதான்.

சாய்சதுரப் பலகைகள் இறந்தவரின் குலச்சின்னம் தீட்டியவை. சாவு நேர்ந்ததும் மாளிகையின் முகப்பில் மாட்டி, துக்க காலம் முடிந்தபின் ஆலயத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பின்னணி நிறத்தைக் கவனித்தால் குடும்பச் செய்தியே கிடைக்கும். பார்க்கிற நமக்கு இடப்பாதி மட்டும் கறுப்பாக இருந்தால் கணவர் இறந்தார், மனைவி உயிரோடிருந்தார். வலப்பாதி கறுப்பென்றால் மனைவி முந்திக்கொண்டார். முழுவதும் கறுப்பென்றால், துணையை முன்பே இழந்தவரோ மணமாகாதவரோ இறந்திருக்கிறார். கீழே குல வாசகத்துக்குப் பதிலாக 'மீண்டெழுவேன்' என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்றையே பல பலகைகளில் எழுதிவைத்திருப்பார்கள்.

கேள்வி: கிராம்வெல் ஆட்சியில் ஆலயங்கள் சூறையாடப்பட்டன என்று படித்திருக்கிறேன். அக்காலத்தில் புதிதாக யாராவது கட்டினார்களா?

பதில்: மிகச் சிலரே. அவர்களுள் மறக்க முடியாதவர் லெஸ்டர்ஷயரின் ஸ்டான்டன் ஹரல்டில் தம் மாளிகைக்கு அருகே ஆலயம் எழுப்பிய சர் ராபர்ட் ஷர்லி. மன்னர் முதலாம் சார்ல்ஸின் தலை வெட்டப்பட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த 1653-இல், மன்னர் பக்கத்து மனிதரான அவர், பழைய இடைக்காலப் பாணியிலேயே கோபுரமும் கூர்வளைவுமாக ஆலயத்தைத் தொடங்கினார். இடிக்கிற காலத்தில் கட்டுவதே ஓர் எதிர்ப்புக்குரல். பழைய பாணியில் கட்டுவது அதனினும் உரத்த குரல். ஆலயம் கட்டப் பணமிருப்பவருக்கு ஒரு படைப்பிரிவைத் திரட்டித் தரவும் முடியும் என்று அரசு கேட்டது. அவர் மறுத்தார். லண்டன் கோபுரச் சிறையில் 1656-இல், இருபத்தேழாம் வயதில் இறந்தார். மேற்கு வாயிலுக்கு மேலுள்ள கல்வெட்டு, நாடெங்கும் புனிதமானவை அனைத்தும் இடிக்கப்பட்டோ இழிவுபடுத்தப்பட்டோ கிடந்த 1653-ஆம் ஆண்டில் இவ்வாலயத்தை நிறுவிய அவருடைய தனிப் பெருமை, மிகக் கெட்ட காலத்தில் மிக நல்லவற்றைச் செய்ததும், பேரிடர் நடுவே அவற்றை நம்பியதும் ஆகும் என்று சொல்கிறது. அது புகழ்ச்சிதான். ஆயினும் இங்கிலாந்து ஆலயக் கல்வெட்டுகளில் இவ்வளவு நேர்மையாக ஈட்டப்பட்ட புகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேள்வி: கிரேக்கக் கோவில் போன்ற ஆலயங்களும் அங்கே உண்டாமே?

பதில்: உண்டு, பிரபுவின் ரசனை பங்குமக்களின் வசதியை வென்ற இடங்கள் அவை. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஏயட் செயின்ட் லாரன்சில் சர் லயனல் லைட், தம் மாளிகையிலிருந்து பார்க்கும் காட்சியைக் கெடுக்கிறதென்று பழைய ஆலயத்தை இடிக்கத் தொடங்கினார். பேராயர் தலையிட்டு நிறுத்தியதால், பாதி இடிந்த ஆலயம் அதே நிலையில் இன்றும் நிற்கிறது. நான் மேலே சொன்ன சட்டத்துக்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. அதற்கு ஈடாக அவர் 1778-79-இல், கிரேக்கத்தில் பழைய கட்டடங்களை அளந்து வந்த நிக்கலஸ் ரிவெட்டைக் கொண்டு, தூண்முகப்போடு ஒரு கோவிலையே எழுப்பினார். மாளிகையிலிருந்து தெரிகிற முகப்புக்குத்தான் வெண்சாந்துப் பூச்சு. பின்புறம் வெறும் செங்கல். ஆலயத்துக்கு இருபுறமும் தனித்தனி மண்டபங்களில் அவருக்கும் மனைவிக்கும் நினைவிடங்கள் உள்ளன. வாழ்வில் எங்களை இணைத்துவைத்த திருச்சபை சாவிலாவது பிரித்துவைக்கட்டும் என்று அவர் சொன்னதாக ஊரில் பேச்சு.

வூஸ்டர்ஷயரின் குரூமில் கதை கொஞ்சம் நாகரிகமானது. அங்கும் மாளிகையருகே இருந்த பழைய ஆலயம் போயிற்று. ஆனால் கவென்ட்ரி பிரபு, தோட்டக்கலையில் பெயர்பெற்ற லான்சலட் பிரவுனைக் கொண்டு குன்றின்மேல் புதியதை எழுப்பி, உட்புறத்தைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமிடம் ஒப்படைத்தார். 1763-இல் புனிதப்படுத்தித் திறக்கப்பட்ட அந்த ஆலயம் தொழுகைக்கு எவ்வளவு பயன்பட்டதோ அவ்வளவு பூங்காவின் காட்சிக்கும் பயன்பட்டது.

கேள்வி: ரிப்பன் பிரபு கட்டிய ஆலயம் ஒன்று உண்டென்கிறார்களே, நம் ரிப்பன் மாளிகையின் ரிப்பன்தானா?

பதில்: அவரேதான், 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய். ஆனால் ஆலயத்தின் கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. 1870 ஏப்ரலில் மாரத்தான் போர்க்களத்தைப் பார்த்துத் திரும்பிய பயணிகளைக் கொள்ளையர் பிடித்துக்கொண்டு பணயத்தொகை கேட்டார்கள். பேச்சு முறிந்து படை துரத்தியபோது, திலெசி என்னும் இடத்தருகே நால்வரைக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரடரிக் வைனர். ரிப்பன் பிரபுவின் மனைவி ஹென்ரியெட்டாவின் தம்பி.

தாய் ஒரு பக்கம், அக்காள் ஒரு பக்கம், இருவரும் அந்தப் பிள்ளையின் நினைவாக ஆளுக்கொரு ஆலயம் கட்டத் துணிந்தார்கள். இருவரும் நாடியது வில்லியம் பர்ஜஸ் என்னும் ஒரே கட்டடக் கலைஞரை. தாய் லேடி மேரி வைனர் யார்க்ஷயரிலுள்ள தம் நியூபி எஸ்டேட்டில் 'ஆறுதலளிக்கும் கிறிஸ்து' ஆலயத்தையும், மகள் சில மைல்களுக்கு அப்பால் ஸ்டட்லி ராயல் பூங்காவில் புனித மரியாள் ஆலயத்தையும் 1871-இல் தொடங்கினார்கள். மீட்புக்கென்று திரட்டி, கொடுக்க வழியில்லாமல் போன பணமே இவற்றுக்குச் செலவாயிற்று என்பார்கள்.

ஸ்டட்லி ஆலயத்தை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, எலுமிச்சைக்கும் தமக்கும் உறவில்லாத 'லைம்' மரங்கள் நிழல்விரிக்கும் நெடும்பாதையின் முடிவில் ஒரு சாம்பல்நிறக் கூர்கோபுரம் தெரியும், அவ்வளவே. உள்ளே நடுக்கூடமும் ஓரளவு அடக்கமானது. பீடப்பகுதியை நெருங்க நெருங்கப் பளிங்கும், பொன்னும், சிவப்பும், நீலமும் அடர்ந்துகொண்டே போய், பீடத்துக்கு மேலே வானவர் கூட்டம் தீட்டிய குவிமாடத்தில் முடிகின்றன. மண்ணிலிருந்து விண்ணுக்குப் போகும் வழியைச் சில அடிகளுக்குள் கட்டிக்காட்டிவிட்டார் பர்ஜஸ். வேலை நடந்துகொண்டிருந்த 1874-இல் ரிப்பன் பிரபு கத்தோலிக்கராகிவிட்டார் என்பது இதில் ஒரு விசித்திரம். தாம் இனித் தொழாத, இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) ஆலயத்துக்கு அவருடைய எஸ்டேட் தொடர்ந்து செலவிட்டு, 1878-இல் முடித்தது. கணவன் மனைவி இருவரின் பளிங்குக் கல்லறைச் சிலைகளும் அங்கேயே உள்ளன.

கேள்வி: இப்போது இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பதில்: தொழுவோர் இருக்கும் இடத்தில் பங்குமக்கள். இல்லாத இடத்தில், 1969-இல் தொடங்கிய தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கவனிக்கிறது. கெட்ல்ஸ்டனும் குரூமும் நியூபியும் அதன் பொறுப்பில்தான். ஸ்டான்டன் ஹரல்டும் ஸ்டட்லியும் 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் தேசிய அறக்கட்டளையின் நிர்வாகத்தில் உள்ளன.

கேள்வி: படத்திலிருந்த கிரேட் விட்லிக்கு என்ன நேர்ந்தது? வீடு அழிந்து ஆலயம் மட்டும் பிழைத்தது அதிசயமா?

பதில்: அதிசயத்தில் ஒரு பாதி மட்டும் உண்மை. 1735-இல் முடிந்த அந்த ஆலயம் முதலில் எளிமையாகவே இருந்தது. லண்டனுக்கு அருகே சாண்டஸ் பிரபுவின் கேனன்ஸ் மாளிகை 1747-இல் பிரித்து ஏலம் விடப்பட்டபோது, இரண்டாம் ஃபோலி பிரபு அதன் சிற்றாலயத்திலிருந்து ஓவியர் பெலூச்சியின் விதான ஓவியங்களையும், ஜோசுவா பிரைஸ் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் வாங்கிவந்து இங்கே பொருத்தினார். கூரையிலுள்ள பொன்வண்ணப் புடைப்பு வேலைகளைப் பெயர்த்துவர முடியாததால், அச்செடுத்துக் காகிதக்கூழில் வார்த்தார்கள். தலை நிமிர்ந்து பார்க்கிற எவரும் அதைக் காகிதம் என்று சொல்ல மாட்டார்.

1937 செப்டம்பரில் மாளிகை தீப்பற்றியது. ஆலயத்தைத் தீ தொடவில்லை. அதை அதிர்ஷ்டம் எனலாம். ஆனால் மாளிகையை இன்றைய எலும்புக்கூடாக்கியதில் தீக்கு இருந்த பங்கைவிட வணிகத்துக்கு இருந்த பங்கு பெரிது. உரிமையாளர் மீண்டும் கட்டவில்லை, விற்றார். 1950-களில் அது கைமாறியபின் ஈயம், மரம், பளிங்கு என்று விலைபோகக்கூடியவை எல்லாம் கழற்றப்பட்டன. கழற்றியவர்கள் ஆலயத்தின் சுவரருகே வந்ததும் நின்றுவிட்டார்கள், ஏனென்றால் வாங்கிய பத்திரத்தில் அது இல்லை. கேனன்ஸ் மாளிகையிலிருந்து வந்த அந்த ஓவியங்களின் கீழே இன்றும் பங்குமக்கள் கூடித் தொழுகிறார்கள்.